கப்பல் ஏறிய புழு, கரை ஏறாத புழு

பத்து காவான் ஜெட்டியில் படகு ஏறினால் கால் மணி நேரத்துக்குள் அமான் தீவு வந்துவிடும். அந்தக் கடற்பகுதியில் மீன் வளர்க்கும் கூண்டுகள் மிதக்கின்றன. மரச்சட்டம், அதைத் தாங்கும் பீப்பாய்கள், கீழே தொங்கும் வலை. சட்டத்தின் மேல் நடந்து பழகாதவர்களுக்குக் கால் கூசும். ஒருநாள் அப்படிக் கூசிக்கொண்டே நின்றிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் கைவலையால் ஒரு கொடுவா மீனை அள்ளினார். இந்த ஊரில் அதற்குச் சியாக்காப் என்று பெயர். அரைக் கிலோ தேறும். விலாவில் ஓர் இடத்தில் செதில் உரசிச் சிவந்திருந்தது; மற்றபடி உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியில் மீனை விட்டுவிட்டு, “பாருங்கண்ணே” என்றார்.

இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஒன்றுமே இல்லாத முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. அதுவரை கண்ணாடிபோல் தோலோடு தோலாக ஒட்டிக்கிடந்தவை, உப்பில்லாத நீர் பட்டதும் வெளுத்து, ஓரம் சுருண்டு, ஒவ்வொன்றாக உதிர்ந்து வாளியின் அடியில் படிந்தன. பழைய சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கினால் என்ன அளவு இருக்குமோ அந்த அளவு. எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

“இதைத் தின்னா நமக்கு ஏதாவது பண்ணுமா?”

“ஒண்ணும் பண்ணாதுண்ணே. எங்களுக்குத்தான் நட்டம்.”

அவர் சொன்னது சரி. அது மீனுக்கென்றே பிறந்த தட்டைப்புழு. பின்பக்கம் கிண்ணம்போல ஒரு பிடிப்பான், அதில் கொக்கிகள். மீனின் தோலைச் சுரண்டித் தின்னும். அதன் வாழ்க்கையில் சிக்கல் எதுவும் இல்லை. முட்டையிடும், முட்டையிலிருந்து நீந்தும் குஞ்சு வரும், அடுத்த மீனைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். முட்டைகளுக்கு நூல்போல வால் இருப்பதால் கூண்டின் வலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. பரந்த கடலில் அடுத்த மீனைத் தேடி அலைய வேண்டியிருந்த குஞ்சுக்கு, கூண்டில் நாலு விரற்கடைத் தூரத்தில் ஆயிரம் மீன்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் லியோங் தாக் செங் பல ஆண்டுகள் இந்தக் கூண்டு மீன்களின் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். கடலில் திரியும் களவா மீனையும் கூண்டில் வளரும் களவாவையும் ஒப்பிட்டு 1988இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சூசன் லிம் இதே வகைப் புழுக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளைக் காக்கும் சர்வதேச ஆணையத்தில் உறுப்பினராக இருந்த அவர் 2014இல் காலமானார். மீன் செவுளில் இருக்கும் புழுவுக்காக ஓர் ஆயுளா என்று கேட்பவர்கள் அந்த வாளியை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை மீனைப் பற்றியது அல்ல. வாளியில் உதிர்ந்தவற்றின் பங்காளிகள் மனிதரின் பித்தநாளத்திலும் குடலிலும் இரத்தக் குழாயிலும் மூளையிலும் குடியிருக்கின்றன. அவை எந்த ஊரில் குடியேறும், எந்த ஊரில் குடியேறாது என்ற கணக்கைப் பார்க்க, பினாங்கு மாதிரியான துறைமுகத்தைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் புழு ஏன் தட்டையாக இருக்கிறது என்று பார்ப்போம். தட்டைப்புழுவுக்கு இரத்தம் இல்லை, இதயம் இல்லை, மூச்சுவிட உறுப்பு இல்லை. உயிர்வளி தோல் வழியாகக் கசிந்துதான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சேர வேண்டும். உருண்டு திரண்டால் நடுவில் இருக்கும் செல் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே இலைபோல, நாடாபோல நீளலாம், அகலலாம். தடிக்க மட்டும் முடியாது. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை பெயர் பெற்றிருக்கின்றன. சில தனித்து வாழ்பவை. மழை பெய்து ஓய்ந்ததும் பூந்தொட்டிக்கு அடியில் சுத்தியல் தலையோடு ஊர்ந்து வருமே, அது அந்த வகை. பெரும்பாலானவை ஒட்டுண்ணிகள்.

ஒட்டுண்ணியாக மாறியபோது அவை பலவற்றைத் துறந்தன. இலைவடிவப் புழுக்களுக்கு வாய் உண்டு, குடல் உண்டு, மலவாய் கிடையாது. போன வழியாகவே திரும்ப வர வேண்டும். நாடாப்புழு வாயையும் குடலையும்கூட விட்டுவிட்டது. நம் குடலில் நாம் செரித்து வைத்த உணவில் அது மிதக்கிறது, தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. 2013இல் நாடாப்புழுக்களின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் வழியே அவற்றிடம் இல்லை என்று தெரிந்தது. வேளைக்குச் சோறு வரும் வீட்டில் அடுப்பு எதற்கு? அந்தத் தோலும் சாதாரணத் தோல் அல்ல. செல்லுக்குச் செல் சுவர் கிடையாது. தலை முதல் வால் வரை தையலே இல்லாத ஒரே துணி. நம் நோயெதிர்ப்புச் செல்கள் கிழித்து நுழைய ஒரு விளிம்புகூட அகப்படாது. இரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா இன்னும் ஒருபடி மேலே போய், நம் இரத்தத்தின் மூலக்கூறுகளையே எடுத்து மேலே பூசிக்கொண்டு உறவுக்காரர்போல வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இனி துறைமுகத்துக்கு வருவோம்.

1843இல் லண்டனில், தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்டு நின்ற ‘டிரெட்நாட்’ என்ற பழைய போர்க்கப்பல் மாலுமிகளுக்கான மருத்துவமனையாக இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே இறந்துபோன ஒரு லாஸ்கரின் உடலை ஜார்ஜ் பஸ்க் என்ற அறுவை மருத்துவர் பரிசோதித்தார். லாஸ்கர் என்றால் ஆங்கிலேயக் கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமி. சிறுகுடலின் தொடக்கத்தில், விரல் நீளத்தில், சதைப்பற்றான புழுக்கள் 14 இருந்தன. மனிதரைப் பிடிக்கும் இலைவடிவப் புழுக்களில் இதுதான் பெரியது. 7 சென்டிமீட்டர்வரை வளரும். பிற்பாடு அதற்கு ஃபாசியோலாப்சிஸ் பஸ்கி என்று பெயர் வைத்தார்கள். பஸ்க்கின் பெயர் புழுவில் இருக்கிறது. மருத்துவ நூல்களில் அந்த மாலுமி வெறும் ‘ஒரு லாஸ்கர்’ மட்டும்தான்.

அடுத்தது 1874, கல்கத்தா. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்த ஒரு சீனத் தச்சரின் கல்லீரலை அறுத்துப் பார்த்தார் நோயியல் பேராசிரியர் மெக்கானல். பித்தநாளங்கள் நிறைய, ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், ஈட்டி முனைபோன்ற புழுக்கள். அடுத்த ஆண்டு லான்செட் இதழில் அவர் அதை எழுதினார். இன்று குளோனோர்க்கிஸ் சினென்சிஸ் என்று அழைக்கப்படும் சீனக் கல்லீரல் புழு உலகத்துக்கு அறிமுகமானது இப்படித்தான்: சீனாவில் அல்ல, வங்காளத்தில்.

இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. புழு ஓர் ஊரில் உடம்பில் ஏறி, கடல் கடந்து, இன்னோர் ஊரின் பிணவறையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கல்கத்தாவிலிருந்து சீனாவுக்குப் போகும் கப்பல்கள் பினாங்கில் நிற்பது அந்நாள் வழக்கம். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றிய நாளிலிருந்து இந்தத் துறைமுகத்தில் இறங்காத இனம் கிடையாது. குவாங்டோங்கிலிருந்தும் ஃபுஜியானிலிருந்தும் சீனர்கள், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர்கள், சுமத்ராவிலிருந்து அச்சேக்காரர்கள், பர்மாக்காரர்கள், சயாமியர்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் வந்தவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தளத்தில் படுத்து வந்த கூலிப் பயணிகள் நேராகக் கரையில் இறங்க முடியாது. ஜெரஜாக் தீவில் நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்து, அம்மையும் காலராவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள்.

புழுவை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை. சீனக் கல்லீரல் புழு ஒருவர் உடம்பில் 20 ஆண்டுக்கும் மேல் உயிரோடிருக்கும். பல பேருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆக, குவாங்டோங்கிலிருந்து வந்து இங்கே படகுத்துறையில் மூட்டை தூக்கிய, கிட்டங்கியில் கணக்கெழுதிய எத்தனையோ பேர், தங்கள் பித்தநாளத்தில் குடித்தனத்தோடுதான் வந்திருப்பார்கள். அவர்கள் நாள்தோறும் கழித்த மலத்தில் முட்டைகள் இருந்திருக்கும். ஜார்ஜ் டவுனின் பின்சந்துகள் எதற்காக விடப்பட்டன என்று பெரியவர்களைக் கேளுங்கள்: வாளி எடுக்க. அந்தக் காலத்துச் சீனத் தோட்டக்காரர்களுக்கு மலம் நல்ல உரம். கங்கோங் பாத்திக்கும் போகும், மீன் குளத்துக்கும் போகும்.

முட்டை இருந்தது, தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, மனிதர் இருந்தார்கள். ஆனாலும் பினாங்கு கல்லீரல் புழுவின் ஊராக ஆகவில்லை. இங்கே எப்போதாவது அந்தப் புழு பிடிபட்டால், அது வெளியூரில் ஏறியதாகவோ வெளியூர் மீனோடு வந்ததாகவோதான் இருக்கும்.

காரணம் நத்தை.

தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்கள் வரைந்து வரைந்து கை நொந்த படம் ஒன்று உண்டு. ஆட்டின் ஈரல் புழுவின் வாழ்க்கை வட்டம்: முட்டை, மிராசிடியம், ஸ்போரோசிஸ்ட், ரீடியா, செர்க்கேரியா, மெட்டாசெர்க்கேரியா. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பெயர்ப் பட்டியலில் முக்கியமான ஒன்று நம் கவனத்திலிருந்து நழுவிவிடும். நடுவிலுள்ள கட்டங்கள் எல்லாமே நத்தைக்குள் நடப்பவை. முட்டையிலிருந்து வரும் மிராசிடியம் சில மணி நேரத்துக்குள் தனக்கான நத்தையைக் கண்டுபிடித்து நுழைந்தாக வேண்டும். நுழைந்துவிட்டால் ஒன்று பலவாகும். ஒற்றை மிராசிடியத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வால் முளைத்த செர்க்கேரியாக்கள் புறப்படும். நுழைந்தது தவறான நத்தை என்றால், நத்தையின் இரத்தச் செல்கள் சூழ்ந்து, மூடி, கொன்றுவிடும். அந்த வட்டாரத்துக் குளங்களில் சரியான நத்தை இல்லையென்றால், நல்ல மீனும் நல்ல பசியும் கொண்ட எத்தனை பேர் இருந்தும் புழுவுக்கு அடுத்த தலைமுறை கிடையாது. மனிதர் புழுவுக்கு வாகனம். வீடு நத்தைதான்.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்தவர் ஒருவர் உண்டு. கிளாட் பார்லோ என்ற அமெரிக்கர், சீனாவில் மருத்துவப் பணி செய்து, பஸ்க்கின் பெரிய புழுவைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட வீரர்கள் சிஸ்டோசோமாவோடு ஊர் திரும்பினால், அமெரிக்க நத்தைகள் அதை ஏற்றுக்கொண்டுவிடுமா என்ற கேள்வி எழுந்தது. 1944இல் பார்லோ எகிப்தில் தன் தோலில் புழுக்குஞ்சுகளை ஏற விட்டு, அவற்றைத் தன் இரத்தத்திலேயே சுமந்துகொண்டு ஊருக்குப் போனார். கடும் அவதிப்பட்டார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி: ஆள் அல்ல, நத்தை என்ன சொல்கிறது?

மலாயாவில் இந்தக் கேள்வியை இன்னும் சுவையாகக் கேட்டார்கள். 1960களில் லீ கியான் ஜோ, பால் பாஷ், டி. உமாதேவி ஆகிய மூவரும் குளத்து நத்தைகளை உடைத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நத்தைக்குள் இரண்டு இனப் புழுக்கள் நுழைந்தால் என்ன ஆகும்? சமாதானமாகப் பங்கு போட்டுக்கொள்ளுமா? இல்லை. சில இனங்களின் இளம்பருவமான ரீடியாவுக்கு வாய் உண்டு. தொண்டைத் தசையும் உண்டு. வேறு இனங்கள் நத்தைக்குள் ஸ்போரோசிஸ்டாகவே காலம் தள்ளுபவை. அது வாயில்லாத வெறும் பை. வாயுள்ளது வாயில்லாததைத் தேடிப் போய் விழுங்குகிறது. சுண்டைக்காய் அளவு ஓட்டுக்குள் ஒரு குத்தகைச் சண்டை. 1965இல் நேச்சர் இதழில் அவர்கள் இதை வெளியிட்டார்கள். அப்படியானால் மனிதருக்குத் தீங்கில்லாத புழுவை ஏவி, தீங்கான புழுவை நத்தைக்குள்ளேயே தீர்த்துக்கட்டலாமே என்று லீ யோசித்தார். வாயுள்ள வகையான எக்கினோஸ்டோமாவின் முட்டைகளைத் தூவி, வாத்துகளிடமிருந்து வரும் ஒரு சிஸ்டோசோம் இனத்தை அடக்கப் பார்த்த களச்சோதனை 1973இல் அச்சேறியது. பரவலான கட்டுப்பாட்டு முறையாக இது வேரூன்றவில்லை. உலகம் பூராவும் முட்டை தூவிக்கொண்டு திரிவதைவிட மாத்திரை கொடுப்பது எளிது என்று ஆகிவிட்டது. எனக்கென்னவோ, இந்த மண்ணில் நடந்த ஆய்வுகளிலேயே அழகானவற்றில் ஒன்று இது என்றுதான் தோன்றுகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்காவது உமாதேவியின் பெயர் தெரியுமா என்பது வேறு விஷயம்.

வாத்து என்று ஏன் சொன்னேன் என்றால், அந்தப் புழுவாலும் அதன் உறவுப் புழுக்களாலும் நமக்கும் சொறி வரும். நெல்வயலில் நாற்று நட இறங்கியவர்கள் முழங்காலுக்குக் கீழே அரித்து, கொப்புளித்து, தூங்க முடியாமல் தவித்த காலம் உண்டு. மலாய் மொழியில் சாவா என்றால் நெல்வயல். ஆங்கிலேய மருத்துவர்கள் அந்த நோய்க்கே சாவா அரிப்பு என்று பெயர் வைத்தார்கள். 1938இல் பக்லி என்பவர் அதன் காரணத்தை எழுதினார்: எருமையின் இரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா ஸ்பின்டாலே. எருமை வயலில் சாணி போடும், முட்டை தண்ணீரில் பொரியும், ஆட்டுக்கடாக் கொம்புபோலத் தட்டையாகச் சுருண்ட நத்தைக்குள் வளரும், வெளியே வந்த செர்க்கேரியா எருமைக் காலைத் தேடும். இடையில் மனிதக் கால் அகப்பட்டால் அதைத் துளைத்து நுழையும். ஊர் தவறி வந்துவிட்டோம் என்று அதற்குத் தெரிவதற்குள் தோலிலேயே செத்துவிடும். நமக்கு அரிப்பது அந்தச் சாவுதான். முதல் தடவை பெரிதாகத் தெரியாது. உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்ட பிறகு, அடுத்தடுத்த தடவைதான் கொப்புளிக்கும். இதே நத்தை தமிழ்நாட்டுக் குளங்களிலும் இலங்கை வயல்களிலும் இருக்கிறது. நடவு முடிந்து வந்து கால் அரிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்ட நம் பாட்டிகளில் எத்தனை பேர் எருமைப் புழுவுக்கு ஆளானவர்களோ.

அப்படியானால் மனிதரையே நாடி வரும் சிஸ்டோசோமா மலேசியாவில் உண்டா? இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1973இல் ஆர். முருகேசுவும் ஏ. எஸ். திசநாயக்கவும் இந்நாட்டின் முதல் நோயாளியைப் பற்றி எழுதினார்கள்: பிணப் பரிசோதனையில், ஓராங் அஸ்லி பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவரின் உடலில் முட்டைகள். உயிரோடிருக்கும் முதல் நோயாளியைப் பற்றி 1978இல் எழுதினார்கள். அது கப்பலில் வந்த புழு அல்ல. காட்டு எலியின் உடம்பில், மலையோடைகளில் ஒட்டிக்கிடக்கும் ராபர்ட்சியெல்லா என்ற பொடி நத்தையின் தயவில், தீபகற்பத்தின் காட்டுக்குள்ளேயே காலங்காலமாக இருந்து வந்த புழு. 1988இல் அதற்குச் சிஸ்டோசோமா மலாயென்சிஸ் என்று தனிப்பெயர் கிடைத்தது. உலகம் சுற்றும் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகத்தில் நோய் இல்லை; கப்பலையே பார்க்காத ஓடைக்கரையில் இருக்கிறது. நத்தை எங்கேயோ நோய் அங்கே.

சிஸ்டோசோமாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்புழு தன் உடம்பை ஓலைச்சுருள்போல மடித்து, அதற்குள் பெண்புழுவை வைத்துக்கொண்டே ஆயுளைக் கழிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேடு செய்வது அந்தத் தம்பதி அல்ல, முட்டைகள். வெளியேற வேண்டிய முட்டைகளில் பாதிபோல் வழி தவறிக் கல்லீரலிலும் சிறுநீர்ப்பைச் சுவரிலும் சிக்கிக்கொள்ள, உடம்பு ஒவ்வொன்றையும் சுற்றித் தழும்பு கட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தழும்புதான் நோய். இதற்குத் தடுப்பு மருந்து தேவைப்படுவோர் உலகில் 25 கோடிப் பேர், பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில்.

வடக்கே போனால் கதை மாறுகிறது. பினாங்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் பகுதி. அங்கே கோய் பிளா என்று ஒரு பதார்த்தம்: ஆற்று மீனைப் பச்சையாக அரிந்து, எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்தது. எலுமிச்சை பட்டதும் சதை வெளுத்து வெந்ததுபோல் தெரியும். உள்ளே கூடு கட்டியிருக்கும் புழுவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஓபிஸ்தோர்க்கிஸ் விவெரினி என்ற அந்தப் புழு பித்தநாளத்தில் குடியேறி, ஓயாத புண்ணை உண்டாக்குகிறது. போதாததற்கு, நம் செல்களைப் பெருகத் தூண்டும் கிரானுலின் என்ற புரதத்தையும் சுரக்கிறது. 20, 30 ஆண்டு கழித்துப் பித்தநாளப் புற்றுநோய். ஈசானின் கோன் கேன் வட்டாரத்தில் அந்தப் புற்றுநோய் இருக்கும் அளவுக்கு உலகில் வேறெங்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இந்தப் புழுவை, சிகரெட்டையும் ஆஸ்பெஸ்டாசையும் வைத்த அதே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. அங்கே நத்தை இருக்கிறது, மீன் இருக்கிறது, பச்சையாகத் தின்னும் நாக்கும் இருக்கிறது. மூன்றில் எதையும் எளிதில் எடுத்துவிட முடியவில்லை. நாக்கைத் திருத்துவது எத்தனை கஷ்டம் என்று சர்க்கரை நோய் உள்ள யாரையும் கேட்டுப் பாருங்கள்.

பினாங்குத் தமிழர் நாக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் செய்தது. மீனைக் குழம்பில் கொதிக்க வைக்காமல் நமக்கு இறங்காது. சீனரின் இலையுதிர்காலத் திருவிழா நேரத்தில் இங்குள்ள பசார்களில் கறுப்பாக, எருமைத் தலையும் கொம்பும்போல ஒரு கொட்டை குவிந்து கிடக்கும். லிங் கோக் என்பார்கள், தண்ணீரில் வளர்வது. பஸ்க்கின் பெரிய புழு தன் கூட்டைக் கட்டுவது இந்தக் கொட்டையின் தோலில்தான். சீனாவிலும் வங்கத்திலும் அதைக் குளத்திலிருந்து பறித்த கையோடு பல்லால் கடித்து உரித்தவர்களுக்குப் புழு ஏறியது. இங்கே வேகவைத்துத்தான் தின்கிறார்கள். கொதிநீர் முன்னால் அந்தக் கூடு நிற்காது.

இதுவரை சொன்னதெல்லாம் நத்தைக் கணக்கு. நாடாப்புழுவுக்கு நத்தை தேவையில்லை. அதனால்தான் அது வேறு விதத்தில் ஆபத்தானது. பன்றி நாடாப்புழுவை எடுத்துக்கொள்வோம். சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்றால், குடலில் நாடாப்புழு வளரும். 1855இல் ஜெர்மனியில் கூக்கன்மைஸ்டர் என்ற மருத்துவர், மரண தண்டனைக் கைதி ஒருவரின் உணவில் அவருக்குத் தெரியாமல் இந்தக் கட்டிகளைக் கலந்து, தண்டனைக்குப் பிறகு குடலைத் திறந்து பார்த்து நிரூபித்த உண்மை இது. குடலில் இருக்கும் புழு பெரிய கெடுதல் செய்யாது. அந்த ஆளின் மலத்தில் முட்டைகள் போகின்றன. முட்டையைப் பன்றி தின்றால் பன்றிச் சதையில் கட்டி. மனிதர் விழுங்கினால் மனித மூளையிலும் கட்டி.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூளையில் கட்டி வருவதற்குப் பன்றிக்கறியைத் தொட்டிருக்கவே வேண்டாம். புழு உள்ள ஒருவர் கை கழுவாமல் நறுக்கிக் கொடுத்த தக்காளி போதும். சைவர்களுக்கும் வரும், முஸ்லிம்களுக்கும் வரும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், பன்றியை ஏறெடுத்தும் பார்க்காத யூதக் குடும்பங்களில் வலிப்பு வந்தபோது, வீட்டு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் நாடாப்புழு இருந்தது தெரியவந்தது. வந்தவர்கள் மேல் பழி போட்டுப் பேச இது நல்ல வசதியான கதை. உண்மையில் அவர்களும் நோயாளிகள்தான். ஒரே ஒரு மலப் பரிசோதனையும் ஒரு வேளை மாத்திரையும் யாரும் கொடுக்காததால் நீண்ட கதை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்ததை இங்கே சொல்லாமல் போக முடியாது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், இந்தியாவில் வலிப்போடு வந்தவர்களின் மூளையில் சிறு வளையம்போல ஒரு புள்ளி தெரியும். காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பார்கள். புள்ளி மறையும். மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் திருப்தி. வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் அந்தத் திருப்தியோடு நிற்கவில்லை. புள்ளியிலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். காசநோய் அல்ல, நாடாப்புழுவின் கட்டி; சாகும் தறுவாயில் இருந்தது. மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் தானாகவே மறைந்துபோகக்கூடியது. எத்தனையோ இளைஞர்கள் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும், மண்டையைத் திறக்கும் அறுவையிலிருந்தும் தப்பினார்கள். பிற்பாடு வேலூர் மாவட்டத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து, 2006இல் வெளியிட்டார்கள். வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம்.

மலேசியாவில் இந்தப் புழு அபூர்வம். பன்றி தெருவில் மேயாமல் பண்ணையில் அடைபட்டிருக்கிறது, வீட்டுக்கு வீடு கழிப்பறை இருக்கிறது. ஆனால் கட்டி மூளைக்குள் போய் வலிப்பு வருவதற்கு வருடங்கள் ஆகும். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்களில் 450 பேரைப் பற்றி 1961இல் டிக்சனும் லிப்ஸ்கோம்பும் எழுதியபோது இது தெளிவாகத் தெரிந்தது: ஊர் திரும்பி, ராணுவத்தை விட்டு, பழையதெல்லாம் மறந்த பிறகுதான் பலருக்கு முதல் வலிப்பு. அந்த வீரர்களும் நம் ரஜூலாக்காரர்கள் மாதிரி கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அல்பெண்டசோல் வில்லையை மென்று தின்னச் சொல்வோம். அது உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நல்லது. கல்லீரல் புழுவும் சிஸ்டோசோமாவும் அந்த ஒற்றை வில்லைக்கு மசியாது. அவற்றுக்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். 1970களில் ஜெர்மனியில் உருவான மருந்து. புழுவின் தசையைச் சட்டென்று சுருங்க வைத்து, அந்தத் தையலில்லாத தோலைக் கிழித்துவிடுகிறது. எந்தப் பூட்டில் அது சாவியாகப் பொருந்துகிறது என்பதே 2019 வாக்கில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆட்டு ஈரல் புழு மட்டும் இதற்கும் அடங்காது. அதற்குத் தனி மருந்து. மூளையில் கட்டி உள்ளவர் தெரியாமல் பிராசிகுவாண்டெல் விழுங்கினால், கட்டிகள் ஒரே நேரத்தில் செத்து வீங்கி, வலிப்பைக் கூட்டிவிடும். ஆகையால் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் மருந்து அல்ல இது.

நம்மில் பலர் இரண்டு மூன்று ஊர்க்காரர்கள். தாத்தா ஊர் ஒன்று, படித்த ஊர் ஒன்று, பிழைக்கிற ஊர் ஒன்று. கோவில் திருவிழாவுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு மாதம், வேலைக்கென்று தாய்லாந்தில் இரண்டு வருடம். உங்கள் வீட்டில் பெரியவர் யாருக்காவது முதன்முறையாக வலிப்பு வந்தாலோ, காரணம் தெரியாமல் மஞ்சள் காமாலை கண்டாலோ, எந்தெந்த ஊரில் எத்தனை ஆண்டு இருந்தார், அங்கே எதைப் பச்சையாகச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.